சவாரிக்குப் பின் குளியல்: ரோமம் எங்கே கெடுகிறது என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்க

சவாரி முடிந்து லாயத்துக்குத் திரும்பிய குதிரைக்குத் தண்ணீர் ஊற்றுவதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, உடம்புச் சூட்டை இறக்குவது. இன்னொன்று, ரோமத்திலும் தோலிலும் படிந்த வேர்வை உப்பையும் அழுக்கையும் எடுப்பது. முதல் வேலைக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், சோப்பு தேவையே இல்லை. இரண்டாவது வேலைக்குப் பெரும்பாலான நாட்களில் வெறும் தண்ணீரும் நல்ல ரப்பர் பிரஷ்ஷும் போதும். இவை இரண்டும் முடிந்த பிறகு மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. நம் ஊரில் அதிகம் பேர் விட்டுவிடுவது அதைத்தான்: காயவைப்பது.

சென்னை, பாண்டிச்சேரி, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிற்கிறது. அங்கே குளிப்பாட்டாததால் ரோமம் கெட்ட குதிரைகளைவிட, குளிப்பாட்டி ஈரத்தோடு கட்டிவிட்டதால் கெட்ட குதிரைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. ஊட்டியில் ஈரத்தோடு குளிரும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் குதிரைக்குப் பொருந்தும் அறிகுறியை நேராகப் போய்ப் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

தண்ணீர் ஊற்றியும் சூடு இறங்கவில்லை, மூச்சு வாங்குவது நிற்கவில்லை

ஓய்வாக நிற்கும் ஆரோக்கியமான குதிரைக்கு உடல் வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. நன்றாக ஓடிவிட்டு வந்த குதிரைக்கு மூன்றுமே ஏறித்தான் இருக்கும், அதில் பயமில்லை. நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தால் 15, 20 நிமிடத்தில் நாடி 60-க்குக் கீழே வந்துவிட வேண்டும். வரவில்லை, விலா இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது, தெர்மாமீட்டர் 40-ஐத் தாண்டியே நிற்கிறது என்றால் ரோமத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவையுங்கள். ஒருவர் கால்நடை மருத்துவருக்கு ஃபோன் போடட்டும், இன்னொருவர் ஹோஸை விடாமல் பிடிக்கட்டும்.

கழுத்து, மார்பு, முதுகு, பின்தொடை, வயிற்றின் அடிப்பக்கம், தொடை இடுக்கு என்று உடம்பு முழுக்க, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஊற்று, தண்ணீரை வழித்தெடு, மறுபடி ஊற்று என்பது பழைய முறை. குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும், சூடு இறங்கும் கட்டத்தில் வழிப்பதற்காக நிறுத்தாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் வேர்வை ஆவியாகிச் சூட்டை இறக்குவது மெதுவாகத்தான் நடக்கும். மேலே ஓடும் தண்ணீர் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவதுதான் அங்கே உதவி. மின்விசிறி இருந்தால் கூடவே ஓடவிடுங்கள். வழிக்கும் ஸ்கிரேப்பருக்கு வேலை பின்னால், காயவைக்கும்போது.

"சூடா இருக்கிற குதிரைக்குப் பச்சத்தண்ணி ஊத்தினா நரம்பு இழுத்துக்கும்" என்று லாயத்தில் ஒருவராவது சொல்வார். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1996 ஒலிம்பிக் நடந்தபோது வெயிலும் புழுக்கமும் குதிரைகளை என்ன செய்யுமோ என்ற கவலையில் இதை நன்றாகவே ஆராய்ந்துவிட்டார்கள். சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சூடு வேகமாக இறங்கியது. குடிக்கத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதும் இதே ரகப் பேச்சு. ஓடிவிட்டு வந்த குதிரை குடிக்கட்டும். உப்பு கரைத்த தண்ணீர் வைப்பதாக இருந்தால் பக்கத்திலேயே ஒரு வாளி வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

இரண்டு நிலைகளைத் தனியாகக் கவனியுங்கள். பின்னங்கால் விறைத்து, பிட்டத் தசை கல்லாக இறுகி, அடியெடுத்து வைக்கவே மறுக்கிறது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறது என்றால் அது தசை சிதைவு. அந்தக் குதிரையைக் குளிக்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போகாதீர்கள். நின்ற இடத்திலேயே நிற்கட்டும், மருத்துவர் அங்கே வரட்டும்.

மற்றது, வேர்க்க வேண்டிய வெயிலில் வேர்க்காத குதிரை. சேணத்துக்கு அடியிலும் பிடரிக்கு அடியிலும் மட்டும் கொஞ்சம் ஈரம், மற்ற இடமெல்லாம் உலர்ந்து சூடாக இருக்கும். மூச்சு மட்டும் வாங்கும். நாள் போகப்போக ரோமம் வறண்டு, முகத்தில் முடி மெலியும். வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் வரும் கோளாறு இது; குளிர் நாட்டிலிருந்து நம் பக்கத்துக்குக் கப்பலேறி வந்த குதிரைகளிடம் பிரிட்டிஷ் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். "நம்ம குதிரைக்கு வேர்வையே கிடையாது, சுத்தமான குதிரை" என்று பெருமைப்பட்டுக்கொள்பவர்களைக் கேட்டிருக்கிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டிய குதிரை அது.

காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது

எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். சேணத்தின் ஓரம், வயிற்றுப்பட்டை போன தடம், முன்னங்கால் அக்குள், பின்தொடைகளுக்கு நடுவில் என்று கோடுகோடாக இருந்தால் வேர்வை உப்பு. உடம்பு முழுக்க ஒரே சீராக மெல்லிய வெண்படலம் என்றால் தண்ணீர் மேல்தான் சந்தேகம். குளிப்பாட்டும் அதே தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் தட்டில் வெள்ளை வட்டம் நின்றால் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கடற்கரையோரத்து லாயங்களில் இது சர்வசாதாரணம்.

குதிரையின் வேர்வை நம் வேர்வை மாதிரி இல்லை. அதன் ரத்தத்தில் இருப்பதைவிட உப்பு கூடுதலாக வெளியேறும். அதில் லாத்தரின் என்றொரு புரதமும் உண்டு. சோப்பு போடாமலேயே கழுத்திலும் தொடை இடுக்கிலும் நுரை தள்ளுவது இதனால்தான். எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்தில் வேர்வை உருண்டு விழாமல் பரவி ஆவியாக உதவுவது இந்தப் புரதத்தின் வேலை. கடும் வெயிலில் கடுமையாக வேலை செய்யும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வேர்வை சிந்தக்கூடும். அவ்வளவு உப்பையும் தோல்மேல் காயவிட்டு, மறுநாள் அதன்மேலேயே சேணத்தைப் போட்டு இறுக்கினால் அது உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதுதான். வயிற்றுப்பட்டைப் புண்ணில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

வேர்வை உப்பு என்றால் நீங்கள் அலசியது போதவில்லை. வயிற்றுக்கு அடியில் சொட்டும் தண்ணீர் நுரையில்லாமல் தெளிவாக விழும் வரை அலசுங்கள். பிறகு முன்னங்கால் அக்குளுக்குள் உள்ளங்கையை விட்டு, அழுத்தி இழுத்துப் பாருங்கள். விரல் வழுக்கினால் இன்னும் வேர்வை இருக்கிறது. ரோமம் விரலில் கிறீச்சென்று பிடித்தால் சுத்தம். பிடரிக்கு அடியிலும் வால் தொடங்கும் இடத்திலும் இதே சோதனை. முதுகை எல்லோரும் நன்றாகத்தான் அலசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்கள்தான் விட்டுப்போகின்றன.

போர் தண்ணீர்தான் காரணம் என்றால் கடைசி ஒரு வாளியை மட்டும் மழைத்தண்ணீரோ கார்ப்பரேஷன் தண்ணீரோ வைத்து ஊற்றினால் பெருமளவு தீரும். அந்த வாளியில் அரை டம்ளர் வினிகர் கலப்பவர்களும் உண்டு. காயம் ஏதும் இல்லாத தோலுக்கு அது சரி. நன்றாகக் காய்ந்த பிறகு பிரஷ் போட்டாலே மிச்சப் படலம் உதிர்ந்துவிடும்.

இவ்வளவு உப்பு வெளியே போகிறதே, உள்ளே எவ்வளவு போகிறது? வேலை செய்யாத நாளிலேயே 500 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சுமார் 30 கிராம் சாப்பாட்டு உப்பு தேவைப்படும். வேர்க்கும் நாளில் அதற்கு மேல். தீவனத்தில் உப்பு சேர்க்காமல் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பாதி வேலைதான்.

பளபளப்பு போய்விட்டது, செதில் உதிர்கிறது

"வாரம் ரெண்டு வாட்டி ஷாம்பு போட்டும் இப்படி இருக்கே" என்பார்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ரோமத்தின் பளபளப்பு தோல் சுரக்கும் எண்ணெயிலிருந்து வருகிறது. ஷாம்பு அதைக் கரைத்து எடுத்துவிடும். மனிதர்களின் ஷாம்பு நம்முடைய அமிலத் தன்மையுள்ள தோலுக்காகச் செய்தது. குதிரையின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. பாத்திரம் கழுவும் திரவம், துணி சோப்புத்தூள் இரண்டும் எந்தக் குதிரைக்கும் வேண்டாம். சீயக்காய் இயற்கையானதுதானே என்று கேட்பார்கள். பொடி ரோமத்துக்குள் தங்கிவிடும், அலசி எடுக்க எக்கச்சக்கமாகத் தண்ணீர் வேண்டும், கண்ணில் பட்டால் குதிரை அடுத்த தடவை பக்கத்தில் நிற்காது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு மாதம் எல்லா சோப்பையும் நிறுத்துங்கள். சவாரிக்கு முன்னால் ரப்பர் பிரஷ்ஷால் வட்டவட்டமாக, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, கழுத்திலிருந்து பிட்டம் வரை பத்து நிமிடம். அப்புறம் மென்மையான பிரஷ்ஷால் முடி போகும் போக்கில். சவாரி முடிந்து வெறும் தண்ணீர். மாதக் கடைசியில் செதில் குறைந்திருந்தால் குற்றவாளி ஷாம்புதான். மறுபடி போட வேண்டுமென்றால் ஏதாவது போட்டியோ விழாவோ வரும்போது மட்டும், அதையும் முதலில் வாளித் தண்ணீரில் கலந்துகொண்டு போடுங்கள். பாட்டிலிலிருந்து நேராக முதுகில் ஊற்றினால் அந்த இடத்தில் மட்டும் கெட்டியாக இறங்கி, அலசும்போது போகாமல் நிற்கும். தொட்டால் பிசுபிசுப்பு, மேலே தூசி ஒட்டுவது, இரண்டும் போகாத ஷாம்பின் அடையாளம்.

சோப்பை நிறுத்தியும் மாறவில்லை என்றால் கோளாறு வெளியே இல்லை. குடற்புழு, பல், தீவனம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆளி விதை சேர்த்தால் சில வாரங்களில் ரோமத்தில் வித்தியாசம் தெரியும் என்பது உண்மைதான். வயிற்றில் புழுவை வைத்துக்கொண்டு ஆளி விதை கொடுப்பது வீண். வயதான குதிரைக்கு முடி நீளமாகி, சுருண்டு, உதிர வேண்டிய பருவத்திலும் உதிராமல் நின்றால் அது சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பளபளப்பு வரவழைப்பது ஃபோட்டோவுக்கு ஆகும். சாயங்காலத்துக்குள் அவ்வளவு தூசியும் அதில்தான் ஒட்டியிருக்கும்.

கை வைத்தால் பொருக்கு தட்டுப்படுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் அதிகம் வரும் கேள்வி இது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ரோமம் அங்கங்கே குத்திட்டு நிற்பது மாதிரி மட்டும் தெரியும். முதுகிலும் பிட்டத்திலும் விரல்களை முடிக்குள் விட்டுத் தடவினால் சிறுசிறு மேடுகள் தட்டும். ஒன்றைப் பிடித்து மெதுவாக அசைத்தால் பொருக்கோடு ஒரு கொத்து முடியும் சேர்ந்து கழன்று வரும். கையில் வைத்துப் பார்த்தால் ஓவியம் தீட்டும் சின்னத் தூரிகை மாதிரி இருக்கும்: ஒரு முனையில் முடி, மறுமுனையில் கெட்டியான பொருக்கு. அது இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஈரத்தோல், சில சமயம் லேசான மஞ்சள் சீழ்.

டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா செய்யும் வேலை. பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்தைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இந்தக் கிருமி உலர்ந்த, காயமில்லாத தோலில் ஒன்றும் செய்யாது. தோல் மணிக்கணக்கில் ஊறி மிருதுவாகி, பூச்சிக்கடியோ சேண உரசலோ சின்னக் கீறல் போட்டால் உள்ளே நுழைந்துவிடும். மழையில் நனைவதும் குளிப்பாட்டிக் காயவைக்காமல் கட்டுவதும் தோலைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

முதலில் செய்ய வேண்டியது, தினசரிக் குளியலை நிறுத்துவது. வேர்வை வந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மருந்துக் குளியலுக்கு 2 முதல் 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் வாஷ் நல்லது. அது கிடைக்காவிட்டால் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, பால் சேர்க்காத லேசான டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்தலாம். போட்டவுடன் அலசிவிடாதீர்கள், பத்து நிமிடம் தோலில் நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பொருக்குகள் ஊறும். தானாகக் கழல்வதை மட்டும் எடுங்கள். குதிரை சிலிர்த்தால், முதுகைத் தாழ்த்தினால் அந்தப் பொருக்கை இன்றைக்கு விட்டுவிடுங்கள். எடுத்ததைத் தரையில் போடாமல் ஒரு கவரில் சேர்த்து எறியுங்கள். பொருக்கிலும் கிருமி உயிரோடு இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மனிதருக்கும் எப்போதாவது தொற்றும். பிறகு நன்றாக அலசி, நன்றாகக் காயவைக்க வேண்டும். முதல் சில நாட்கள் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை.

அதற்குமேல் எண்ணெய், களிம்பு என்று எதையும் பூசி மூடாதீர்கள். காற்றுப் படுவதுதான் மருந்து. வேப்பெண்ணெய் பூச்சிக்கு ஆகும், இதற்கு ஆகாது. பொருக்கு இருக்கும் இடத்தின்மேல் சேணம் உட்காரும் என்றால் ஆறும்வரை சவாரி கிடையாது. கயிற்றில் வைத்து நடத்துங்கள். காய்ச்சல், கால் வீக்கம், ஒரு வாரமாகியும் பரவுவது, மூன்றில் எது இருந்தாலும் மருத்துவர்.

மணிக்கணக்காகியும் காயவில்லை, ஈர வாடை வருகிறது

"அண்ணே, காஞ்சிருச்சா?" என்று கேட்டால், குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு "காஞ்சிருச்சு சார்" என்பார். பொய் சொல்லவில்லை. முதுகு முதலில் காயும். வயிற்றின் நடுக்கோடு, முழங்கைக்குப் பின்னால், பிடரிக்கு அடியில், கணுக்காலின் பின்குழி, இவை கடைசியில் காயும். தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்களும் இவைதான்.

வரிசை இது. சூடு இறங்கி அலசியும் முடிந்ததும் ஸ்கிரேப்பரால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி, முடி போகும் போக்கில் வழித்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்புதான் இருக்கும். அங்கே ஸ்கிரேப்பர் போடாமல் கையால் வழியுங்கள். பழைய பருத்தித் துண்டு இரண்டு தனியாக வைத்துக்கொண்டு வயிற்றையும் கணுக்கால் குழியையும் ஒற்றி எடுங்கள். காலை வெயிலாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கயிற்றில் நடத்துங்கள், நடுப்பகல் வெயிலாக இருந்தால் நிழலில், விசிறிக்கு எதிரே. பிளாஸ்டிக் கலந்த கெட்டிப் போர்வையை ஈர உடம்பின்மேல் போடக் கூடாது. நம் கடலோரத்தில் போர்வைக்கே தேவையில்லை. ஊட்டி மாதிரி இடத்தில் போட வேண்டியிருந்தால் ஈரத்தை வெளியே விடும் கம்பளித் துணி, அது ஈரமானதும் மாற்ற இன்னொன்று.

ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் சாயங்கால சவாரிக்குப் பின் முழுக்குளியலே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, சேணத் தடத்தையும் அக்குளையும் துடைத்துவிட்டு, துண்டால் தேய்த்துக் காயவையுங்கள். மீதி அழுக்கை நாளைக் காலையில் பிரஷ் பார்த்துக்கொள்ளும்.

குளித்த கையோடு புழுதியில் புரண்டு எழுந்தால் கோபப்படாதீர்கள். காய்ந்ததும் ரப்பர் பிரஷ் போட்டால் போய்விடும். திரும்பவும் குளிப்பாட்டுவதுதான் தவறு.

வட்டவட்டமாக முடி உதிர்கிறது

நாணய அளவில் வட்டம், ஓரம் தெளிவு, நடுவில் சாம்பல் செதில், பெரும்பாலும் வயிற்றுப்பட்டை அல்லது சேணம் படும் இடத்தில் ஆரம்பம். இது படர்தாமரை, பூஞ்சைதான். ஒரு குதிரைக்கு வந்தால் அதே ஸ்பாஞ்ச், அதே பிரஷ், அதே வயிற்றுப்பட்டை வழியாக லாயம் முழுக்கப் போகும். தொற்றி ஒன்றிலிருந்து நாலு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால் பக்கத்துக் குதிரைக்கு இன்று ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. சவாரி பழகவரும் குழந்தைகளுக்கும் தொற்றும்.

அந்தக் குதிரைக்குத் தனி வாளி, தனி ஸ்பாஞ்ச், தனி சேணத் துணி. கடைசியாக அதைக் கவனியுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும். பொதுவாகவே எல்லாக் குதிரைக்கும் ஒரே ஸ்பாஞ்ச் என்ற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. மூக்கைத் துடைத்த ஸ்பாஞ்ச் வழியாகத் தொண்டைக் கட்டி நோயும் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது.

கணுக்காலின் பின்குழியில் வெடிப்பு, பொருக்கு

குதிரையின் கால்களைத் தினமும் ஹோஸில் அடித்துக் கழுவும் லாயங்களில்தான் இது அதிகம். சேறு கெடுத்ததைவிடச் சேற்றைக் கழுவிய ஈரம் கெடுத்ததுதான் கூடுதல். காய்ந்த சேற்றைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். புண் ஏற்கெனவே இருந்தால் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, ஒருமுறை குளோர்ஹெக்சிடின் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றிக் காயவைத்துவிட்டுக் காலை உலர்ந்த தரையில் வையுங்கள். பொருக்கைத் தினம் பிய்த்தால் தினம் புதுப் புண். வெள்ளைக் காலில் மட்டும் வந்து மற்ற காலில் இல்லை என்றால் வெயிலுக்கும் அதில் பங்கிருக்கலாம். கால் வீங்கி நொண்டினால் தாமதிக்காதீர்கள்.

குளம்பும் இதே கதைதான். நாளும் ஊறி, நாளும் காய்ந்தால் சுவர் பிளந்து லாட ஆணி தளரும். குளம்பின் அடியில் முக்கோணமாக, மெத்தென்று இருக்கும் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாக நாற்றமடித்தால் குளிக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

குளித்த சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு

புது ஷாம்புவோ புது ஸ்பிரேயோ போட்டீர்களா? நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு, அதைத் தூக்கிப் போடுங்கள். மூச்சு சிரமப்பட்டாலோ முகம் வீங்கினாலோ அவசரம். புதிதாக எதை வாங்கினாலும் கழுத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் போட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

பிடரியையும் வாலையும் சுவரில் தேய்க்கிறது

அழுக்கு என்று நினைத்து ஷாம்புவைக் கூட்டுவார்கள். தோல் இன்னும் வறண்டு இன்னும் அரிக்கும். பிடரி, வால், வயிற்று நடுக்கோடு மூன்றிலும் அரிப்பு என்றால் கொசுவைவிடப் பொடியான கியூலிகாய்டிஸ் பூச்சியின் கடி ஒவ்வாமையாக இருக்கலாம். விடியலிலும் அந்தியிலும்தான் அது அதிகம் கடிக்கும். பறக்கும் பலம் குறைவு. அந்த நேரங்களில் குதிரையை உள்ளே கட்டி ஒரு விசிறியை ஓடவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். அந்தியில் குளிப்பாட்டி வெளியே காயவிடும் வழக்கத்தை முதலில் மாற்றுங்கள். வேப்பெண்ணெயை இங்கே கொஞ்சமாகப் பூசலாம், சேணம் படும் இடத்தை விட்டு.

வால் அடியை மட்டும் தேய்த்தால் வாலைத் தூக்கி ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். மஞ்சளாக ஒட்டிய பிசுக்கு இருந்தால் ஊசிப்புழு முட்டை. பஞ்சாலோ காகிதத்தாலோ துடைத்து எறியுங்கள், ஸ்பாஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். புழு மருந்துக்கு மருத்துவர். ஆண் குதிரையாக இருந்தால் உறையில் அழுக்கு சேர்ந்தாலும், பெட்டையாக இருந்தால் மடிகளுக்கு இடையில் சேர்ந்தாலும் வாலைத்தான் தேய்க்கும். அங்கே வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சோப்பு வேண்டாம்.

நுக்ரா (வெள்ளைக் குதிரை) சிவந்துபோகிறது, கறுப்புக் குதிரை செம்பட்டையாகிறது

நுக்ராவுக்கு ரோமத்துக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல். நடுப்பகலில் நனைத்து வெயிலில் காயவிட்டால் மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் வெந்துவிடும். கல்யாண ஊர்வலத்துக்குப் போய்வரும் குதிரை என்றால் ஜிகினாவும் சாயப்பொடியும் வேர்வையில் கரைந்து தோலுக்கு இறங்கியிருக்கும். இரவு எத்தனை மணியானாலும் அதை அலசாமல் கட்டாதீர்கள். இந்த ஒரு குளியலுக்கு மட்டும் மென்மையான ஷாம்புவை நானே சொல்வேன்.

கறுப்பு, அரக்கு நிறக் குதிரைகள் வெளுப்பதற்கு வெயில் காரணம், அலசாத வேர்வை உப்பு துணைக்காரணம். அலசிவிட்டு நிழலில் காயவையுங்கள். வெளுத்த முடி திரும்பக் கறுக்காது. அடுத்த ரோமம் வரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

ஹோஸைக் கண்டாலே துள்ளுகிறது

தண்ணீரில் பயம் என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். முதலில் தரையைப் பாருங்கள். வழவழப்பான சிமெண்டுத் தரையில் ஒருமுறை வழுக்கிய குதிரை அந்த இடத்தைத்தான் வெறுக்கும். ரப்பர் பாய் போட்டதும் பாதிக் குதிரைகள் அமைதியாகிவிடும். அடுத்து, வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது கொதிக்கும் தண்ணீர். அதைத் தரையில் ஓடவிட்டு, உங்கள் கையில் பட்டுப் பார்த்த பிறகே குதிரைப் பக்கம் திருப்புங்கள்.

கட்டிப்போட்டுத் தண்ணீர் அடிக்காமல், கயிற்றை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். மெல்லிய ஓட்டத்தில் முன்னங்குளம்பில் தொடங்குங்கள். காலை உதறினாலும் தண்ணீரை எடுக்காதீர்கள். ஒரு கணம் அசையாமல் நின்றதும் எடுத்துவிடுங்கள். நின்றால் தண்ணீர் போகும் என்று அதற்குப் புரிய வேண்டும். குளம்பு, முழங்கால், தோள், முதுகு என்று மேலே ஏறுங்கள், இரண்டு பக்கமும். முகத்துக்கு ஹோஸ் எப்போதுமே கூடாது. பிழிந்த ஸ்பாஞ்சால் கண்ணோரத்தையும் கடிவாளப் பட்டை படும் இடத்தையும் துடையுங்கள், காதுக்குள் தண்ணீர் இறங்காமல். முதல் நாள் முழங்காலோடு நின்றுவிட்டால் அன்றைக்கு அது போதும், மீதி உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.